டிக்கியில் ஒரு சிலிண்டர்

சி.என்.ஜி. கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பல வருஷமாகச் சொன்ன பெரிய குறை, ஊருக்குக் கிளம்பினால் பெட்டி வைக்க இடமில்லை என்பதுதான். சின்ன காரின் டிக்கியை 60 லிட்டர் சிலிண்டரே அடைத்துக்கொள்ளும். 2023-இல் டாடா நிறுவனம் ஆல்ட்ராஸ் காரில் அதை 30 லிட்டர் வீதம் இரண்டாக்கி, டிக்கியின் தரைக்குக் கீழே படுக்க வைத்தது. அருமையான யோசனை! அடுத்த வருஷமே எக்ஸ்டர் காரில் ஹூண்டாயும் இரட்டைச் சிலிண்டருக்கு வந்தது.

இடம் சரி, பாதுகாப்பு? சி.என்.ஜி. காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே போய்விடும், எல்.பி.ஜி. மாதிரி தரையோடு தேங்காது. ஆனால் அழுத்தம்? கார் டயரில் இரண்டு பார் சொச்சம்தான்; இந்தச் சிலிண்டரிலோ சுமார் 200 பார். அதனால்தான் நிரப்பும்போது எல்லோரையும் இறங்கச் சொல்கிறார்கள். தூங்குகிற குழந்தையை எழுப்ப மனம் வராது; ஆனாலும் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்வது கட்டாயம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். பெயின்ட் பளபளப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.