வீட்டுக்குள் இருக்கும் குளிர்



பின்லாந்தில் பனி முழங்கால் அளவு கிடக்கும். போர்ச்சுகலில் குளிர்காலம் மிதமானது. ஆனாலும் குளிர் மாதங்களில் இறப்பு கூடும் விகிதம் போர்ச்சுகலில்தான் அதிகம் என்று ஆய்வுகள் காட்டின.

வியப்பாக இருக்கிறதா? முக்கியமான ஒரு காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. பின்லாந்து வீடுகள் குளிர் புகாதபடி கட்டப்பட்டவை. உள்ளே எப்போதும் கதகதப்பு. போர்ச்சுகலில் பல வீடுகளுக்கு அந்த வசதி இல்லை.

குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தோட்டத்துக் குழாயை விரலால் அமுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறுமே, அதுபோல ரத்த அழுத்தம் ஏறுகிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது வழிவிடும். வயதாக ஆக, குளிரை உணரும் திறனும் மங்கிவிடுகிறது. "எனக்கொன்றும் குளிரவில்லை" என்று பாட்டி சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. உடம்பு அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரி செல்சியஸாவது இருக்கட்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. முதியோருக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

லண்டனிலோ டொரண்டோவிலோ உங்கள் அம்மா அப்பா இருந்தால், இன்று பேசும்போது கேளுங்கள்: வீட்டுக்குள் எத்தனை டிகிரி?