முகத்தை எப்படிச் சொல்வது?

 

பேப்பரில் 'காணவில்லை' என்ற அறிவிப்பைப் படித்திருப்பீர்கள். 'வட்ட முகம், மாநிறம்' என்று போட்டிருக்கும். இந்த இரண்டு சொல் எல்லையில் வாழும் நமக்கு ரொம்ப முக்கியம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகிறோம். வண்டிப்பெரியாற்றிலிருந்து கம்பத்துக்குப் போகிறோம். கூட்டத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் தவறிவிட்டால்? அங்கே தமிழில் கேட்பார்கள், இங்கே மலையாளத்தில் கேட்பார்கள். இரண்டு பக்கமும் ஆங்கிலச் சொற்கள் கலந்து வரும்.

'ரவுண்ட்' என்றால் வட்ட முகம். 'ஓவல்' என்றால் முட்டை வடிவம், தாடை சற்று ஒடுங்கியிருக்கும். 'ஸ்கொயர்' என்றால் சதுர முகம், தாடை அகலம். 'லாங்' என்றால் நீள முகம். நிறத்துக்கு 'வீட்டிஷ்' என்பார்கள். வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! கோதுமை நிறம், அதாவது நம் மாநிறம்.

'லாங் ஃபேஸ்' என்பதில் மட்டும் கவனம் வேண்டும். அடையாளம் எழுதும்போது அது முகத்தின் வடிவம். பேச்சில் வந்தால் அர்த்தமே வேறு. உங்கள் மகள் தினமும் 'லாங் ஃபேஸோடு' வருகிறாள் என்று டீச்சர் சொன்னால், அவள் தாடையைப் பற்றிச் சொல்லவில்லை. பிள்ளை மனம் வாடியிருக்கிறாள் என்கிறார். அன்றைக்கே அவளிடம் பேசிப் பாருங்கள்.

வருத்தத்துக்கு ஆங்கிலத்தில் 'சேட்', 'க்ளூமி' என்றெல்லாம் உண்டு. 'டல்' என்பதை நாமே சொல்கிறோம். ஆனால் நம்மிடம் இருப்பது என்ன குறைவா? முகம் வாடியது என்றால் பசியாகவும் இருக்கலாம், கவலையாகவும் இருக்கலாம். யாரோ சுடுசொல் சொன்னால் முகம் சுண்டிப்போகும். கோபமும் சேர்ந்தால் கறுத்துவிடும். நினைத்தது நடக்காவிட்டால் தொங்கிப்போகும். மலையாளத்திலும் 'முகம் வாடி' என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் தமிழில் சொன்னாலே அவர்களுக்குப் புரியும்.

வாட்டம் நாளைக்கு மாறிவிடும். தாடையும் தழும்பும் மாறாது. அதனால் அடையாளத்தில் வடிவத்தையும் தழும்பையும் எழுதச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் சிரித்தபடி எடுத்த போட்டோ மட்டும் போதாது. அதற்குப் பிறகு பல் விழுந்திருக்கும், தாடி வளர்ந்திருக்கும். 'இரண்டு நாளாக முகம் சரியில்லை, யாரிடமும் பேசவில்லை' என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கௌரவம் பார்த்துப் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எங்கே தேடுவது, எவ்வளவு அவசரம் என்று போலீசுக்குத் தெரிய அதுதான் உதவும்.

'24 மணி நேரம் பார்த்துவிட்டு வா' என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். 18 வயது நிரம்பாத பிள்ளை காணாமல் போனால் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. கடத்தல் போன்ற குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும், அருகிலுள்ள ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டத்தில் இது இருக்கிறது. அவசரத்துக்கு 112. குழந்தைகளுக்கு 1098. வழக்குப் பதிந்தால் அதன் நகலைக் காசில்லாமல் தருவார்கள். கேட்டு வாங்கி, முகம் பற்றி எழுதிய வரியை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.