டாக்டருக்குத் தெரிந்ததும் டாக்டர் செய்வதும்

(எமரால்டில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



காய்ச்சலோ நெஞ்சு வலியோ வந்தால் நாம் என்ன செய்கிறோம்? எமரால்டிலிருந்து உதகைக்கு பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி. அதில் கேட்காவிட்டால் பஜாரிலே மருந்துக் கடை. அதுவும் ஆகாவிட்டால்தான் பெரிய ஆஸ்பத்திரி. கீழே கோயம்புத்தூர் மில் தொழிலாளிக்கு 1955 முதல் இ.எஸ்.ஐ. இருக்கிறது. தஞ்சாவூர் விவசாயத் தொழிலாளிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. எங்கே போனாலும் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வேலை தெரியுமா என்று நாம் கேட்பதில்லை. கவாத்துக் கத்தி பிடிக்கத் தெரியாதவனை மேஸ்திரி ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். டாக்டரைக் கண்டுபிடிப்பது யார்?

இதற்கென்றே ஒரு ஆராய்ச்சி வளர்ந்திருக்கிறது. எழுபது வருஷத்துச் சரித்திரம் அதற்கு உண்டு. தொழிலாளிக்கு அது அவசியம் தெரிய வேண்டிய விஷயம். ஆகவேதான் இன்று அதைப் பேச எடுத்துக்கொண்டோம்.

முதலில், கூட உட்கார்ந்து பார்ப்பது. 1950-ல் ஜோசப் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் இங்கிலாந்திலே ஊர் ஊராகப் போய், 50-க்கு மேற்பட்ட டாக்டர்களின் வைத்தியசாலைகளை நேரில் பார்த்து எழுதினார். மிகவும் மோசமானவை எங்கே இருந்தன தெரியுமா? தொழிற்சாலைகள் நிறைந்த தொழிலாளர் பேட்டைகளில்தான். அடுத்து, 1953-54-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆஸ்லர் பீட்டர்சன் என்பவரின் குழு 88 டாக்டர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைக் கவனித்தது. நோயாளியின் சட்டையைக் கழற்றச் சொல்லாமலே பரிசோதித்தவர்கள் அங்கே பலர். பணக்கார நாட்டுக் கதை இது!

வேல்ஸ் தேசத்து நிலக்கரிச் சுரங்கக் கிராமம் ஒன்றில் டாக்டராக இருந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். கம்யூனிஸ்ட் கட்சி அங்கத்தினர். 1971-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு அது குறைவாகவே கிடைக்கிறது. சந்தையின் கை எங்கே ஓங்குகிறதோ அங்கே இந்த விதி கடுமையாக வேலை செய்கிறது என்பது அதன் சாரம். உலகம் முழுவதும் டாக்டர்கள் இன்றும் அந்தக் கட்டுரையைப் படிக்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் டிஸ்பென்சரி எப்படிப் பளபளக்கிறது என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா? டாக்டரும் மனிதர்தான். ஆகவே இரண்டு புது வழிகள் வந்தன. ஒன்று, காகிதத்தில் ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி, "இவரிடம் என்ன கேட்பீர்கள், என்ன மருந்து கொடுப்பீர்கள்?" என்று டாக்டரையே பரீட்சை செய்வது. இது டாக்டருக்கு என்ன தெரியும் என்பதை அளக்கும். மற்றொன்று நடிப்பு நோயாளி. உள்ளூர் ஆள் ஒருவருக்கு வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து, நெஞ்சு வலிக்காரராக நடிக்கச் செய்து அனுப்புவது. இந்த நோயாளியை டாக்டர் அடையாளம் காண மாட்டார். இது டாக்டர் என்ன செய்கிறார் என்பதை அளக்கும். 1963-ல் கலிபோர்னியாவில் ஹோவர்டு பாரோஸ் என்பவர் மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தர ஆரம்பித்த முறை இது. பிறகு டாக்டர்களையே சோதிக்கும் கருவியாயிற்று.

தெரிந்ததும் செய்வதும் ஒன்றல்லவா என்று நினைப்பீர்கள். இல்லை, தோழர்களே! நம் நாட்டிலேயே இது நிரூபணமாயிற்று.

ஜிஷ்ணு தாஸ், ஜெஃப்ரி ஹேமர் என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் டில்லியிலே ஏழைப் பேட்டை, பணக்காரப் பேட்டை இரண்டிலும் டாக்டர்களைச் சோதித்து, 2007 வாக்கில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏழைகள் வசிக்கும் இடத்து டாக்டர்களுக்குத் தெரிந்ததே குறைவு. அதற்கு மேல், அந்தத் தெரிந்ததையும் செய்வதில்லை! சிறிய சர்க்கார் வைத்தியசாலைகளில் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் தமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கைத்தான் நோயாளிக்குச் செய்தார்கள். பட்டமில்லாத தனியார் வைத்தியருக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் தெரிந்த சொற்பத்தை அவர் செய்தார்.

மத்தியப் பிரதேசக் கிராமங்களில் நடந்ததைக் கேளுங்கள். நடிப்பு நோயாளிகளை அனுப்பினார்கள். ஒருவர் நெஞ்சு வலிக்காரர். ஒருவர் ஆஸ்துமாக்காரர். மற்றொருவர், வீட்டிலே குழந்தைக்கு ரத்தபேதி என்று சொல்லிக்கொண்டு வரும் தகப்பன். 2012-ல் வந்த முடிவின்படி, அங்கே வைத்தியம் பார்த்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு எந்த வைத்தியப் பட்டமும் இல்லை. சரி, பட்டம் பெற்றவர் செய்திருப்பார் என்று நினைத்தால், அவசியமான கேள்விகளைக் கேட்பதில் பட்டம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வித்தியாசமே காணவில்லை! நோய் இன்னதென்று சரியாகச் சொன்னவர் அபூர்வம்.

2016-ல் அதே ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு விஷயத்தை வெளியிட்டார்கள். சர்க்கார் நிலையத்தில் நோயாளிக்குக் கிடைத்த நேரம் சராசரியாக இரண்டரை நிமிஷம் கூட இல்லை. அந்த டாக்டரே மாலையில் சொந்தக் கிளினிக் வைத்திருந்தால், அதே நோய்க்கு அங்கே அதிகக் கேள்வி கேட்டார், சரியான மருந்தைக் கொடுப்பதும் கூடிற்று. ஒரே ஆள், ஒரே படிப்பு, ஒரே நோய்! மாறியது என்ன? இடமும், காசும்.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, தனியாரே மேல், சர்க்கார் ஆஸ்பத்திரியை மூடு" என்று சொல்லக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. தனியார் இடத்தில் உழைப்பு கூடினாலும் அங்கே இருப்பவர் பெரும்பாலும் பட்டமில்லாதவர். ஆகவே தனியார், சர்க்கார் என்று மொத்தமாக ஒப்பிட்டால் சரியான சிகிச்சையில் தனியாருக்குப் பெரிய லாபம் ஒன்றும் தெரியவில்லை. கட்டணம் கூடக் கூட மருந்தும் கூடிற்று. ராஜஸ்தானில் உதய்ப்பூர் ஜில்லாவில் 2002-03-ல் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. தனியாரிடம் போன நூறு தடவையில் 68 தடவை ஊசி! சர்க்காரிடம் 32. ஆனால் அதே ஜில்லாவில் துணை நிலையத்து நர்ஸ் 45 சதவீத நேரம் இடத்திலேயே இல்லை. ஒரு பக்கம் பூட்டு, மறு பக்கம் ஊசி. நடுவிலே நாம்.

காசநோய் விஷயம் நம்மை நேரடியாகத் தொடுகிறது. பஞ்சுத் தூசியிலும் லைன் வீட்டுப் புகையிலும் இருமுகிறவர்கள் நாம். டில்லியில் காசநோய்க்காரராக நடித்தவர்களை அனுப்பி 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 250 சந்திப்புகளில் 52-ல்தான் சரியான நடவடிக்கை. சளிப் பரிசோதனைக்கு எழுதித் தர வேண்டிய இடத்தில் ஏதோ இருமல் டானிக்கும் ஆன்டிபயாடிக்கும். அந்த நேரத்தில் நோய் வீட்டில் மற்றவர்களுக்கும் பரவக்கூடும்.

நம் ராஜ்யம் எப்படி? 19 ராஜ்யங்களில் 1,519 கிராமங்களைப் பார்த்து 2020-ல் வந்த ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பட்டமில்லாத வைத்தியர் பரீட்சையில் வாங்கிய மார்க், பீகார், உத்தரப்பிரதேசத்தில் பட்டம் பெற்ற டாக்டர் வாங்கியதைவிடச் சராசரியில் மேல்! இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஒரே நாட்டில் ஒரே பட்டம், வடக்கே ஒரு மதிப்பு, தெற்கே ஒரு மதிப்பு என்பதுதான் இதன் அர்த்தம். வயதான டாக்டர், அனுபவசாலி என்று நம்புவதும் முழுக்கச் சரியல்ல. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து அமெரிக்காவில் 2005-ல் எழுதியபோது, அவற்றில் பாதிக்கு மேல் அனுபவ வருஷம் கூடக் கூட வேலையின் தரம் குறைந்ததையே காட்டின. படித்து முடித்த பிறகு மறுபடி படிக்காவிட்டால் அதுதான் கதி.

தோட்டத்துக்கு வருவோம். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், வைத்திய வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்றது. 2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. கட்டடம் உண்டா, கட்டில் உண்டா என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் உள்ளே இருப்பவர் நெஞ்சு வலிக்காரரிடம் என்ன கேட்டார், இரத்த அழுத்தம் பார்த்தாரா என்பதை எண்ண யார் இருக்கிறார்கள்? கோரிக்கைப் பட்டியலில் "டாக்டர் வேண்டும்" என்று எழுதுகிறோம். டாக்டர் எத்தனை நாள் வருகிறார், நோய் என்னவென்றும் மருந்து என்னவென்றும் சீட்டில் எழுதித் தருகிறாரா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நடிப்பு நோயாளி நமக்குத் தேவையில்லை. நிஜ நோயாளிகள் நாமே இத்தனை பேர் இருக்கிறோம். லைன் லைனாகச் சீட்டுகளைச் சேர்த்தால் ஒரு மாதத்தில் கணக்குத் தெரிந்துவிடும்.

முன் வரிசையிலிருந்து ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "பட்டமில்லாத வைத்தியருக்குப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடாதா?" நல்ல கேள்வி. மேற்கு வங்கத்தில் பீர்பூம் ஜில்லாவில் இதைச் செய்து பார்த்தார்கள். 304 பேரில் பாதிப் பேரைச் சீட்டுக் குலுக்கிப் பொறுக்கி ஒன்பது மாதம் வகுப்பு நடத்தினார்கள். பிறகு நடிப்பு நோயாளிகளை அனுப்பினார்கள். 2016-ல் முடிவு வந்தது: சரியாகக் கவனிப்பது 7.9 சதவீதப் புள்ளி கூடிற்று. தேவையில்லாத மருந்து மட்டும் குறையவே இல்லை. மருந்து கொடுத்தால்தானே அவருக்குக் காசு! அதை எந்த வகுப்பு மாற்றும்? அடுத்த சீட்டைத் தலைவர் படிக்கட்டும்.