என்னோடு முடியும் ஒரு துவக்கு

தன்னிடம் உள்ள ஒரு பொருளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது என்னுடைய றிவோல்வர்.

தாதி ஒருத்தியிடம் துவக்கா என்று நினைப்பீர்கள். நானும் கணவரும் அனுமதிப்பத்திரம் எடுத்து இலக்குச் சுடுதல் பழகுகிறவர்கள். எங்கள் தலைமுறை துவக்கை அதன் வாய்ப்பக்கம் நின்றுதான் அறிந்தது. நான் எழுதிய கதைகளும் அங்கிருந்தே அதைப் பார்த்தன. இன்று கைப்பிடிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இது ரூகர் ஜிபி100. நடுத்தர உடல், .357 மக்னம், ஆறு தோட்டாக்கள். குழல் 4.2 அங்குலம். ஏன் இந்தக் கணக்கு? குழல் 105 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால் கனடாவில் அது தடைசெய்யப்பட்ட வகைக்குள் போய்விடும். வழக்கமான 4 அங்குலம் 102 மில்லிமீற்றர்கூட வராது.

எடை ஒரு கிலோவுக்கு மேல். அந்தப் பாரம்தான் உதைப்பைத் தாங்குகிறது. .38 ஸ்பெஷல் தோட்டாவும் இதற்குப் பொருந்தும். அதைச் சுட்டால் கையை மெல்லத் தள்ளும். மக்னம் என்றால் நெருப்பும் நெஞ்சில் அறையும் சத்தமும். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் சூடான வாயு சீறும். விரலை அங்கே வைக்கக்கூடாது. நேரே விசையை இழுத்தால் நீளமாக, கனமாக வரும். சுத்தியலைப் பின்னிழுத்துவிட்டால் இலேசாக விழும். நன்றாகச் செய்த பொருள். அதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு, மறைக்கவில்லை.

வேலைக்குப் போனால் மற்றப் பக்கம் தெரியும். சூட்டுக் காயத்தோடு வருபவரைப் பற்றி ஒன்ராறியோ மருத்துவமனைகள் 2005 முதல் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும். 2018 ஜூலை 22 டான்ஃபோர்த் வீதியை ரொறன்ரோ மறக்காது. ஆனால் கனடாவில் துவக்கால் இறப்பவர்களில் பெரும்பாலானோர் தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டவர்கள். அனுமதிப்பத்திர விண்ணப்பத்தில் வேலையிழப்பு, மணமுறிவு, மனச்சோர்வு பற்றியெல்லாம் கேட்கிறார்கள். எங்கள் வீடுகளில் வாய்திறக்காத மூன்று விடயங்களும் இவைதான்.

2022 ஒக்ரோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும், சில விதிவிலக்குகள் தவிர, நிறுத்தப்பட்டன. 2023 டிசம்பரில் அது சட்டமாகவும் நிறைவேறியது. இருப்பதை நான் வைத்திருக்கலாம். மகனுக்கு எழுதிவைக்க முடியாது. கூடச் சுடுகிறவர்களுக்கு இதில் கோபம். களவாகக் கடத்திவரும் துவக்கை இது தடுக்குமா என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. ஆனாலும் எனக்குச் சம்மதம்தான். அப்பாவின் வேதாகமம் மகனுக்குப் போகட்டும். இது என்னோடு முடியட்டும்.

கடைசியாக, தாதியாக ஒரு வார்த்தை. துவக்குள்ள வீட்டில் யாருக்காவது மனம் இருண்டுபோனால் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். பொலிசுக்குத் தொலைபேசி எடுத்து, அதை ஒப்படைக்கவேண்டும் என்று சொல்லுங்கள். நீங்களே தூக்கிக்கொண்டு போகவேண்டாம். பேச ஆள் வேண்டுமென்றால் 988. உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்: "எப்படி இருக்கிறீங்கள்?"