பாடிக் கொடுத்த அம்மையார்

(மலாக்காவில் நடைபெற்ற நமது அறப்பணி ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். தாய் தந்தை இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். மார்கழி மாதத்தில் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்பே, தோட்டத்துக் கோவில் ஒலிபெருக்கியில் ஒரு குரல் எழும். அது எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் குரல். வேங்கடேச சுப்ரபாதம் சமஸ்கிருதத்தில் உள்ளது. எங்கள் லயத்தில் யாருக்கும் அதன் பொருள் தெரியாது. ஆயினும் அந்தக் குரல் கேட்டால் என் தாயார் வாளியைக் கீழே வைத்துக் கைகூப்புவார். 1963இல் வெளிவந்த அந்த இசைத்தட்டின் உரிமைத்தொகை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்தேன்.

அம்மையார் 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். செல்வக் குடும்பமன்று, இசைதான் அவர்களுடைய சொத்து. 1938இல் 'சேவாசதனம்' படத்தில் நடித்தார். 1940இல் தியாகராஜன் சதாசிவம் அவர்களை மணந்தார். 1941இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து ஈட்டிய பணம் 'கல்கி' பத்திரிகை தொடங்க உதவியது. 1945இல் தமிழில் வந்த 'மீரா', பின்னர் இந்தியிலும் வெளிவந்து, நாடெங்கும் அவர் புகழைப் பரப்பியது. அதன்பின் அவர் நடிக்கவில்லை. திரையில் இன்னும் எவ்வளவோ சம்பாதித்திருக்கலாம். அவர் கச்சேரி மேடையையே தேர்ந்துகொண்டார்.

அந்த மேடையிலிருந்து வந்த பணம் எங்கே போயிற்று? 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடினார். தொடர்ந்து பள்ளிகள், மருத்துவமனைகள், ஆலயங்கள், ஆராய்ச்சி நிலையங்கள் என்று எத்தனையோ அறப்பணிகளுக்குப் பாடிக்கொடுத்தார். 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1968இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் பெண்மணி ஆனார். 1974இல் மகசேசே விருது வந்தது. அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவ்விருது அவருக்குப் பொதுச்சேவைப் பிரிவில் வழங்கப்பட்டது. அவர் கொடுத்ததைக் கண்டே அந்த விருது வந்தது.

அப்படிக் கொடுத்தவர் குடும்பத்துக்கும் முடை வந்தது. கல்கி தோட்டம் என்ற பெரிய இல்லத்தை விட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். உதவ விரும்பியவர்களுக்கு ஒரு சங்கடம். இனாமாகக் கொடுத்தால் அம்மையார் வாங்கமாட்டார். ஆகவே தேவஸ்தானத்தார் அவரைப் பாடச் சொல்லி இசைத்தட்டுகள் வெளியிட்டனர். அவையே 'பாலாஜி பஞ்சரத்னமாலா'. அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் பல இல்லங்களுக்குச் சென்றது இதனால்தான். 1998இல் பாரத ரத்னா விருது, இசைக் கலைஞருக்கு முதன்முறையாக, அவருக்குக் கிடைத்தது. 2004 டிசம்பர் 11ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1976இல் ஐந்தாம் படிவத் தேர்வுக் கட்டணம் கட்ட எங்கள் வீட்டில் பணமில்லை. அந்த மாதம் ஓயாத மழை. வெட்டு இல்லை, சம்பளமும் குறைவு. கடைசி நாளுக்கு முன், எனக்காக யாரோ பணம் கட்டிவிட்டதாகப் பள்ளியில் சொன்னார்கள். யாரென்று சொல்லவில்லை. கிராணியா, தண்டலா, கடைக்காரரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பெயரில்லாத கையால்தான் நான் ஆசிரியன் ஆனேன்.

அப்படிப்பட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? பணி ஓய்வு பெற்றதும் ஆலயத்துக்கு ஒரு மணி வாங்கிக் கொடுத்தேன். 'உபயம்' என்று பொறித்ததில் என் தகப்பனார் பெயர் சிறிதாக இருக்கிறதென்று செயலவைக் கூட்டத்தில் சண்டையிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் துணைவியார் கேட்டார்: "உங்களுக்குப் பரீட்சைப் பணம் கட்டியவர் பெயரை எங்கே பொறித்திருக்கிறார்கள்?" எனக்குப் பதில் இல்லை. மறுகூட்டத்தில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பெயர் பொறிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. பெற்றோர் நினைவாகக் கொடுப்பது நம் மரபு. ஆனால் கோபுர வண்ணத்துக்கும் பளிங்குத் தரைக்கும் உபயதாரர்கள் முந்திக்கொண்டு வருகிறார்கள். கல்வி நிதிக்கு அப்படி வருவதில்லை. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவில் கல்வெட்டு வைக்க இடமில்லையல்லவா!

நான் பிறந்த லயம் இன்று இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் மலிவு விலை வீடுகளில் இருக்கின்றன. முடை மட்டும் கூடவே வந்துவிட்டது. ஆகவே, ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒருமுறை, தங்களால் இயன்ற வெள்ளியைப் பெயரெழுதாத உறையில் இட்டுக் கல்வி நிதி உண்டியலில் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் உறையை இன்று காலையிலேயே போட்டுவிட்டேன். அதைச் சொல்லிக்கொள்வதும் பெருமையாகிவிட்டதோ என்னவோ, அன்பர்கள் பொறுத்தருள்க!

நாளைக் காலை அந்தச் சுப்ரபாதத்தைக் கேட்கும்போது, பாடியவரோடு கொடுத்தவரையும் நினைப்போமாக. எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.