சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பியவர்

முதல்வர் அவர்களே, பேராசிரியர்களே, பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க விடியற்காலைப் பஸ் பிடித்து வந்திருக்கும் பெற்றோரே, நாளைமுதல் பெயருக்குப் பின்னால் பி.எட். என்று போட்டுக்கொள்ளப் போகிற பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். மேடை விளக்கை மட்டும் விட்டுவிட்டு அரங்கத்தை இருட்டாக்கி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து எல்லா விளக்குகளையும் போடுங்கள். நான் பாதிக்குமேல் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறவள். உங்கள் முகம் தெரியாவிட்டால் சுவரோடு பேசுவதுபோல இருக்கும்.

நன்றி.

எனக்கு ஆலங்குளம் பக்கம் ஒரு சிற்றூர். அம்மா பீடி சுற்றினாள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். ஆயிரம் சுற்றினால்தான் அன்றைய பாடு கழியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இலை வெட்டுவது என் வேலை. நாலு வயதில் எனக்குக் காதில் சீழ் வடிந்தது. எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடுமே. கடைசியில் இடக்காது அடியோடு போயிற்று, வலக்காது அரைகுறை.

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் நான் முழுதும் கேட்காதவளும் அல்ல, சரியாகக் கேட்பவளும் அல்ல. உள்ளூர்ப் பள்ளியிலேயே இருந்தேன். வளர்த்தியாக இருந்ததால் கடைசி பெஞ்ச்.

உதட்டைப் பார்த்துத் தமிழ் கேட்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். படம், மடம். பாடு, மாடு. வேண்டுமானால் பக்கத்திலிருப்பவரைச் சத்தமில்லாமல் சொல்லச் சொல்லிப் பாருங்கள். ஏழாம் வகுப்பில் ஐந்திணை நடத்திவிட்டு, சொல்வதை எழுதச் சொன்னார்கள். நான் ‘மாலைத் திணை’ என்று எழுதினேன். டீச்சர் அதை உரக்க வாசித்துவிட்டு, “ஏட்டி, காதுல பஞ்சா வச்சிருக்கே?” என்றார். வகுப்பே சிரித்தது. என்னவென்று விளங்காமல் நானும் சிரித்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன் என்று இந்த மேடையில் சொன்னால் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் சொல்லத்தான் செய்வேன். அவர் மூன்று வருடம் என்னைத் தினமும் பார்த்தவர்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். கரும்பலகையில் எழுதும்போது பேசமாட்டார். எழுதி முடிப்பார், சாக்பீஸை வைப்பார், எங்கள் பக்கம் திரும்புவார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். பின்னாலிருந்து யாராவது கேள்வி கேட்டால், அந்தக் கேள்வியை ஒருமுறை தானே சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போவார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கமாட்டார். நின்றால் முகம் இருட்டிவிடும். ‘கேட்காவிட்டால் கையைத் தூக்கு’ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் தூக்கியிருக்க மாட்டேன். பதினாலு வயதுப் பெண்பிள்ளை, அறுபது பேர் நடுவில், எப்படித் தூக்குவாள்?

நானும் ஆசிரியையான பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன். “எனக்காகத்தானா சார் அப்படிச் செஞ்சீங்க?” “முதல் வாரம் உனக்காகத்தான்மா. அப்புறம் பார்த்தா, பின்வரிசைப் பயலுக எல்லாம் பேச்சை விட்டுட்டானுக. நமக்கு லாபமா இருக்கேன்னு அப்படியே வச்சுக்கிட்டேன்” என்றார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்தது. 2016இல் வந்த சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிற கற்றல் குறைபாடும் அதில் அடக்கம். நீங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். உள்ளடக்கிய கல்வி என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் இரண்டு பாதி உண்டு. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பது ஒன்று. அவரவர் தேவைக்கு ஏற்பக் கற்பிக்கும் முறையும் மாறுவது இன்னொன்று. முதல் பாதிக்குப் பதிவேட்டில் பெயர் ஏற்றினால் போதும். சாய்தளம் கட்டிப் படம் எடுத்து அனுப்புவதிலும் நாம் கெட்டிக்காரர்கள். இரண்டாம் பாதிக்குத்தான் அந்தச் சாக்பீஸைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் தருகிறோம். அவசியம் தர வேண்டும். ஆனால் தேர்வு சில மணி நேரம். வகுப்பு பத்து மாதம்.

இவ்வளவு பேசுகிறவள் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். வீட்டுப்பாடம் எழுதியே வரமாட்டாள். கேட்டால் தலையைக் குனிவாள். இரண்டு மாதம், என் பாடவேளை தோறும் அவளை வாசலில் நிற்க வைத்தேன். கண்டிப்பான டீச்சர் என்று எனக்குப் பெயர். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஆண்டுவிழாத் தோரணத்துக்குக் காகிதம் வெட்டச் சொன்ன அன்றைக்கு அவள் கத்தரியைப் பிடித்த பிடியைப் பார்த்தேன். அளவுக்குத் தகடு இல்லை, பென்சில் கோடும் இல்லை. துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் விழுந்துகொண்டே இருந்தன. எனக்குத் தெரிந்த பிடி. பீடி இலை வெட்டுகிற கை. காது கேட்காத பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், என் அம்மாவின் திண்ணையிலிருந்து எழுந்து வந்த பிள்ளையை இரண்டு மாதம் அடையாளம் தெரியாமல் வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

மறுவாரம் முதல் என் வகுப்பில் வீட்டுப்பாடம் கிடையாது. கடைசி இருபது நிமிடம் அங்கேயே உட்கார்ந்து எல்லாரும் எழுத வேண்டும் என்றேன். அவளுக்கென்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வாசலில் நின்ற நாட்களை அவள் மறந்தாளா என்று எனக்குத் தெரியாது.

உங்கள் முதல் வகுப்பில் என்ன நடக்கும் என்று நான் ஜோசியம் சொல்ல வரவில்லை. விழா முடிந்ததும் கீழே வருவேன். படம் எடுத்துக்கொள்ளலாம், சண்டையும் போடலாம். பேச வருகிறவர்கள் மட்டும் என் வலப்பக்கமாக வாருங்கள்.