ஏழு நாள் இடைவெளி



அயல்நாட்டுத் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் ஒருமுறை மட்டுமே கூடுவதால், ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே கிடக்கும் ஏழு நாள்களே அங்குள்ள ஆசிரியருக்கு முதல் இடராக அமைகின்றன. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து மறதியை அளந்து 1885-இல் வெளியிட்ட நூல், கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுவதையும் அதன்பின் மறதியின் வேகம் தணிவதையும் காட்டியது.

நழுவுவதைத் தடுக்க ஆசிரியர் வழக்கமாக நாடுவது, பழைய பாடத்தை மீண்டும் ஒருமுறை வாசிக்கச் செய்தல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கத்தை ஐயத்துக்கு உள்ளாக்கியது. ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தவர்களும், ஒருமுறை மட்டும் படித்துவிட்டு மூன்று முறை நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதியவர்களும் ஒப்பிடப்பட்டனர். ஐந்து நிமிடம் கழித்து முன்னவர் 83 விழுக்காடும் பின்னவர் 71 விழுக்காடும் நினைவில் வைத்திருக்க, ஒரு வாரம் கழித்து முன்னவர் 40 விழுக்காட்டுக்கு இறங்கினர். பின்னவரோ 61 விழுக்காட்டில் நின்றனர். ஒரு வாரம் என்பது வார இறுதிப் பள்ளிக்கெனவே குறித்ததுபோல் அமைந்த கால அளவு.

நினைவிலிருந்து மீட்டல் எனப்படும் இப்பயிற்சிக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பிள்ளைகள் உள்ளே வந்து அமர்ந்ததும் குறிப்பேட்டை மூடிவைத்து, சென்ற வாரச் சொற்களில் மூன்றையும் சென்ற மாதச் சொற்களில் இரண்டையும் எழுதச் செய்து, தம் பிழையைத் தாமே திருத்தவிட்டால் ஐந்து நிமிடம் போதும். மதிப்பெண் இடாதிருப்பது நன்று. மதிப்பெண் புகுந்தவுடன் பயிற்சி தேர்வாகிவிடும், பிள்ளையின் கண் பக்கத்து ஏட்டுக்குப் போய்விடும். பழைய திண்ணைப் பள்ளியின் முறை சொல்லுதலும் பாராமல் ஒப்பித்ததே. எனினும் பொருள் விளங்காத ஒப்பிப்பையும் பிரம்பையும் அதனோடு சேர்த்து மீட்டுவர வேண்டியதில்லை. விழா மேடையில் குறள்களை மளமளவென்று சொல்லிப் பரிசு பெறும் பிள்ளை, தண்ணீர் வேண்டும் என்பதைத் தமிழில் கேட்கத் தயங்குவதை அவ்விழாக்களின் அவையோர் அறியாதவர் அல்லர்.

வினவும் முறையிலும் கவனம் வேண்டும். வினா எழுப்பிய ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடியே பொறுக்கின்றனர் என்று மேரி பட் ரோவ் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் கண்டறிந்தார். அப்பொறுமை மூன்று நொடியாக நீண்ட வகுப்புகளில் விடைகள் நீண்டன, தாமாகப் பேச முன்வந்தோரும் பெருகினர். வீட்டிலும் வார நாள் பள்ளியிலும் வேறொரு மொழியில் நினைத்துப் பழகிய பிள்ளை, வினாவை விளங்கிக்கொண்டு, சொல்லைத் தேடி, அதற்கு விகுதி சேர்த்து வாய்திறக்க மூன்று நொடியும் குறைவே எனலாம். பெயரை முதலில் அழைத்துவிட்டு வினாவைத் தொடுத்தால் ஏனையோர் சிந்திப்பதை நிறுத்திவிடுவர். ஆகவே வினா முன்னும், அமைதி அதன்பின்னும், பெயர் இறுதியிலும் வரவேண்டும். அந்த அமைதியில் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் தாமே விடையை எடுத்துக்கொடுக்காதிருப்பது, அவர்கள் வகுப்புக்குச் செய்யக்கூடிய உதவி.